வினையைப் பெயர்க்கலாமா?

ஒருவர் செய்த வினையின் பயனை இன்னொருவர் பெற முடியுமா? சைவ சித்தாந்த வகுப்பில் இந்தக் கேள்வி எழுந்த அன்று, என் கடை மேசை மேல் கிடந்த ஒரு மெமரி கார்டுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

மயிலாடுதுறையில் மணிக்கூண்டுக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் டிவியும் செட்டாப் பாக்ஸும் பழுது பார்க்கிறேன். கூடவே பழைய பிளேஸ்டேஷன் 2 வீடியோ கேம் பெட்டிகள். 2000 மார்ச்சில் ஜப்பானில் வெளிவந்து, உலகம் முழுக்க 15 கோடிக்கும் மேல் விற்ற பெட்டி அது. தயாரிப்பை நிறுத்திப் பத்தாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. எங்கள் பக்கம் அது இன்னும் ஓய்ந்தபாடில்லை. துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் மாமாக்கள் வாங்கிவந்து கொடுத்தவை அண்ணன் கையிலிருந்து தம்பி கைக்கு இறங்கி, இப்போது அக்கா பிள்ளைகள் கைக்கு வந்திருக்கின்றன. லென்ஸ் துடைக்க, ஃபேன் மாற்ற என்று வருகிறவர்களில் பாதிப் பேர் போகும்போது ஒன்று கேட்பார்கள்: "அண்ணே, அப்படியே சான் ஆண்ட்ரியாஸ் ஃபுல் சேவ் ஒண்ணு ஏத்திக் குடுத்துருங்க."

ஃபுல் சேவ் என்றால், யாரோ ஒருவர் எங்கோ உட்கார்ந்து அந்த ஆட்டத்தை ஒரு மிச்சமும் இல்லாமல் ஆடி முடித்துச் சேமித்துவைத்த கோப்பு. அதை ஏற்றிவிட்டால் மூன்று நகரங்களும் திறந்து கிடக்கும். பணம், வீடு, வண்டி எல்லாம் தயாராக இருக்கும். முடித்தவருக்கு வாரக்கணக்கில் ஆகியிருக்கும். எனக்கு அதைக் கார்டில் போட ஒரு நிமிடம் ஆகாது. இதற்கு 50 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தேன்.

அடிதடியும் துப்பாக்கியும் நிறைந்த ஆட்டம் அது. அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வருகிற வயதுப் பிள்ளைகளுக்கு நான் அதைத் தொடுவதில்லை. வளர்ந்த பையன்களைப் பற்றித்தான் சொல்கிறேன்.

வேலை எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் கேள்வி முழுக்க அதற்குள்தான் இருக்கிறது. கடைப் பெட்டியின் முதல் ஸ்லாட்டில் ஃப்ரீ மெக்பூட் என்ற மென்பொருள் ஏற்றிய கார்டு எப்போதும் செருகியிருக்கும். இந்தப் பெட்டி ஆன் ஆனதும் தனக்கு ஏதாவது சிஸ்டம் அப்டேட் இருக்கிறதா என்று மெமரி கார்டில் தேடிப் பார்க்கும். சோனியே வைத்த வாசல் அது. ஃப்ரீ மெக்பூட் அந்த வாசல் வழியாக உள்ளே வருகிறது. பெட்டியைப் பிரிக்க வேண்டாம், சால்டரிங் வைக்க வேண்டாம். கடைசியாக வந்த 90000 வரிசையில் பெரும்பாலான பெட்டிகளில் வாசலை அடைத்துவிட்டார்கள்; அவற்றுக்கு வேறு வழி பார்க்க வேண்டும். உள்ளே நுழைந்து யூலாஞ்ச்எல்ஃப் என்ற கோப்பு மேலாளரைத் திறந்தால் ஒரு பட்டியல் வரும்: எம்சி0, எம்சி1, மாஸ். முதல் கார்டு, இரண்டாம் கார்டு, பென் டிரைவ். வேண்டிய கோப்புறை மேல் நின்று ஆர்1 அழுத்தினால் ஓரத்தில் ஒரு சிறு பட்டியல் விரியும். காப்பி, அதற்கு அடுத்தே கட். இன்னும் கீழே போனால் பேஸ்ட்டிலேயே மூன்று வகை: வெறும் பேஸ்ட், எம்சிபேஸ்ட், பிஎஸ்யூபேஸ்ட். வெறும் பேஸ்ட்டில் பென் டிரைவுக்கு எடுத்தால் கோப்புகள் வந்துவிடும். ஆனால் எந்தத் தேதியில் உருவானது, என்ன தன்மை என்று கார்டு தன் முறையில் எழுதிவைத்த குறிப்புகள் உதிர்ந்துபோகும், பென் டிரைவில் அவற்றை எழுத இடமில்லை. பிஎஸ்யூவாகக் கட்டி எடுத்தால் கோப்புறை தன் குறிப்புகளோடு ஒரே கோப்பாக வரும். நான் எப்போதும் பிஎஸ்யூதான். காப்பி ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அந்தச் சேவ் கெட்டுப்போகும் என்பதால் யூபிஎஸ் இல்லாமல் கார்டைத் தொடுவதும் இல்லை.

8 எம்பி கார்டு. இன்றைக்கு ஒரு போட்டோவுக்கே அந்த இடம் போதாது. ஆனால் ஒருவர் எத்தனையோ இரவுகள் உட்கார்ந்து செய்ததெல்லாம் அதற்குள் அடங்கிவிடுகிறது. பெட்டியின் சொந்தத் திரையில் பார்த்தால் ஒவ்வொரு சேவுக்கும் ஒரு முப்பரிமாணப் பொம்மை சுழன்றுகொண்டிருக்கும். பட்டியலில் நிற்கும்போது ஓர் உருவம், காப்பி எடுக்கும்போது ஒன்று, அழிக்கும்போது ஒன்று என்று மூன்று வைக்க ஆட்டம் செய்கிறவர்களுக்கு இடம் கொடுத்திருந்தார்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. பெட்டியை ஆன் செய்ததும் இருட்டுக்குள்ளிருந்து கண்ணாடித் தூண்கள் எழுமே, அது வெறும் அலங்காரம் என்றே நினைத்திருப்பார்கள். கார்டில் சிஸ்டம் கோப்புறைக்குள் ஹிஸ்டரி என்று 462 பைட்டில் ஒரு சின்னக் கோப்பு இருக்கிறது. 21 ஆட்டங்கள் வரை அதில் பதிவாகும். எந்த ஆட்டத்தைத் திரும்பத் திரும்பப் போட்டோமோ அதற்குரிய தூண் உயர்ந்துகொண்டே போகும். கார்டு வாங்கிய நாளிலிருந்து நம்மைக் கேட்காமலே எழுதப்படுகிற கணக்கு. சித்திரகுப்தனை நினைக்காமல் நான் அந்தத் தூண்களைப் பார்த்ததில்லை. அந்த ஹிஸ்டரி கோப்பையும் இன்னொரு கார்டுக்குப் பெயர்த்துவிடலாம் என்பதுதான் என்னைத் தொந்தரவு செய்தது. பெயர்த்தால், ஒரு நாளும் ஆடாதவனின் திரையில் இன்னொருவன் எழுப்பிய தூண்கள் எழும்.

இப்போது வகுப்புக்கு வருகிறேன். மெய்கண்டார் சிவஞானபோதத்தைப் பன்னிரண்டே சூத்திரங்களில் முடித்தார். இரண்டாவது சூத்திரத்தில், உயிர்கள் தத்தம் இருவினைக்கு ஏற்பப் போவதும் வருவதும் இறைவனின் ஆணையால் என்று வருகிறது. இதை விரித்து எழுதும் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் ஒரு வழக்கை எடுத்துக்கொள்கிறார். மீமாம்சகர் கேட்கிறார்கள்: செய்த செயல் தானே பயனைக் கொடுத்துவிடும், நடுவில் கடவுள் எதற்கு? சித்தாந்தம் சொல்லும் விடை எளிமையானது, ஆனால் ஆழம் அதிகம். வினை சடம். அதற்கு அறிவு கிடையாது. தன்னைச் செய்தவன் யார், இப்போது எந்த உடம்பில் எந்த ஊரில் இருக்கிறான் என்று அதற்குத் தெரியாது. செய்த உயிராவது தன் வினையை அடையாளம் கண்டு எடுத்துக்கொள்ளுமா என்றால், அதற்கும் அந்த அறிவு போதாது. போதுமென்றாலும் துன்பத்தைத் தேடிப்போய் யார் எடுத்துக்கொள்வார்கள்? ஆகவே, எது யாருடையது என்று அறிந்து கூட்டுவிக்கிற ஒருவன் இருந்தே ஆக வேண்டும்.

வினை சடம் என்று வகுப்பெடுக்கும் ஐயா சொன்ன அந்த நொடியில் எனக்குக் கார்டு நினைவு வந்தது. சேவ் கோப்புறையின் பெயர் பிஏஎஸ்எல்யூஎஸ்-20946 என்று தொடங்கினால் அது அமெரிக்க சான் ஆண்ட்ரியாஸ் டிஸ்க்கில் ஆடியது. பிஇஎஸ்எல்இஎஸ்-52541 என்றால் ஐரோப்பிய டிஸ்க். எந்த ஆட்டம் என்று எழுதியிருக்கிறது; ஆடியவர் யார் என்று எங்கும் எழுதவில்லை. எந்தக் கார்டில் போடுகிறேனோ அந்தக் கார்டுக்காரனுடையதாக அது ஆகிவிடுகிறது. வினை சடம் என்பதை அதுவரை ஒரு தருக்கமாக மட்டுமே கேட்டிருந்தேன். அன்றைக்கு அது என் கையில் தட்டுப்பட்டது. யாருடைய பயனை யாரிடம் சேர்ப்பது என்று முடிவு செய்கிற இடத்தில் 50 ரூபாய்க்கு நான் உட்கார்ந்திருக்கிறேன் என்பதும் கூடவே உறைத்தது.

சமணர் இதை வேறு மாதிரி பார்த்தார்கள். அவர்களுக்கு வினை என்பது நுண்ணிய ஒரு பொருள், உயிரிலேயே ஒட்டிக்கொள்கிறது, கூட்டுவிக்க யாரும் தேவையில்லை. விந்தை என்னவென்றால் அதற்கும் அதே கார்டில் ஒரு சாட்சி உண்டு. ஃப்ரீ மெக்பூட் கோப்பை ஒரு கார்டிலிருந்து இன்னொன்றுக்கு வெறுமனே காப்பி எடுத்துப் போட்டால் அது வேலை செய்யாது. பைட் பைட்டாக அதே கோப்புதான். அளவு மாறவில்லை, பெயர் மாறவில்லை. ஆனால் பெட்டி அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. மேஜிக்கேட் என்ற பூட்டு முறையில் அது பிறந்த கார்டோடு கட்டப்பட்டிருக்கிறது. புதுக் கார்டுக்கு அந்தக் கார்டிலேயே புதிதாக நிறுவித்தான் ஆக வேண்டும். ஒரே பிளாஸ்டிக் துண்டுக்குள் ஒரு கோப்பு உடம்பை விட்டுப் பிரியாதது, பக்கத்துக் கோப்பு யாரிடமும் போகக் கூடியது. எல்லா வினையும் ஒரே சாதி என்று நினைத்துப் பேசுவதே தவறோ என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது இங்கேதான்.

சரி, பயனைப் பெயர்க்கலாமா? நம் மரபு பெயர்க்கலாம் என்றே பல இடங்களில் சொல்கிறது. வில்லிபுத்தூரார் பாரதத்தில் கர்ணன் களத்தில் சாய்ந்து கிடக்கும்போது கண்ணன் முதிய அந்தணனாக வந்து அவன் செய்த புண்ணியம் அனைத்தையும் கேட்கிறான். தாரை வார்க்க நீர் இல்லை. அம்பு தைத்த புண்ணின் குருதியையே நீராக வார்த்துக் கொடுக்கிறான் கர்ணன். சிவாஜி கணேசன் நடித்த கர்ணன் படத்தில் அந்த இடம் வரும்போது தியேட்டரில் அழாதவர்கள் குறைவு. எனக்கு அங்கே கண்ணீரோடு ஒரு வியப்பும் உண்டு: கொடுத்த பிறகு அவனிடம் எதுவும் மிச்சமில்லை. அதுவரை அவன் உயிரைக் காத்து நின்றது அந்தப் புண்ணியம்தான். அது போனதால்தான் உயிரும் போகிறது. யூலாஞ்ச்எல்ஃப் பட்டியலில் இரண்டாவதாக இருக்கிறதே கட், அதுதான் இது. இங்கே இருந்தது அங்கே போய்விட்டது.

தேரவாத பௌத்தர் புண்ணியம் பகிர்வது அப்படி இல்லை. இலங்கையில் இறந்தவர் பெயரால் பிக்குகளுக்குத் தானம் கொடுத்துவிட்டு, இதன் புண்ணியம் அவரைச் சேரட்டும் என்று சொல்லித் தட்டில் வைத்த கிண்ணம் வழிய வழிய நீர் ஊற்றுவார்கள். கொடுத்தவருக்குக் குறைவதில்லை, விளக்கிலிருந்து விளக்கேற்றுவது போல என்று அவர்களே விளக்குவார்கள். இது காப்பி. ஆனால் அவர்கள் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்கள், அதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். பெறுகிறவர் அந்த நற்செயலைக் கண்டு மனதார மகிழ வேண்டும். அந்த மகிழ்ச்சி அவர் மனம் செய்த செயல். பயன் அவருக்கு வருவது அந்தச் செயலின் வழியாகத்தான். ஆக, காப்பி எடுத்துக் கொடுத்தாலும் பெறுபவர் தன் பங்குக்கு ஒன்று செய்யாமல் அது அவருடையதாகாது.

கடையில் நான் கண்டது இதற்கு ஒத்து வருகிறது. ஃபுல் சேவ் வாங்கிப்போன பையன்கள் இரண்டு வாரத்தில் திரும்பி வருவார்கள். "அண்ணே, என் பழைய சேவ் இருக்கா?" எல்லாம் திறந்த நகரத்தில் என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. வண்டி இருக்கிறது, ஓட்டும் கை இல்லை. முடித்தவருடைய விரலில் ஏறியது கார்டில் ஏறவில்லை. பணக்கணக்கும் திறந்த கதவும்தான் ஏறியிருக்கின்றன. நல்லவேளை, புதிதாக எதையும் போடும் முன் கார்டில் இருப்பதைப் பிஎஸ்யூவாக எடுத்துக் கம்ப்யூட்டரில் பெயர் போட்டு வைப்பது என் வழக்கம். பழையது கைக்குக் கிடைத்ததும் அந்த முகங்களில் வரும் நிம்மதியைப் பார்த்த பிறகுதான் ஃபுல் சேவ் ஏற்றுவதை நிறுத்தினேன். வருமானம் கொஞ்சம் குறைந்தது. பரவாயில்லை.

செயல் யாருடையது என்ற கேள்விக்கு இன்னொரு முகமும் உண்டு. 2009-இல் ஹைதராபாத்தின் அரோனா டெக்னாலஜீஸ் இதே பெட்டிக்காக ஹனுமான்: பாய் வாரியர் என்ற ஆட்டத்தைச் செய்தது, சோனி அதை வெளியிட்டது. அமெரிக்காவில் வாழும் இந்து சமயச் செயற்பாட்டாளர் ராஜன் ஜெட் அதை எதிர்த்தார். பக்தர்கள் தங்கள் கதியைத் தெய்வத்தின் கையில் வைக்கிறார்கள். இங்கே ஆடுகிறவன் கையில் தெய்வத்தின் கதி போய்விடுகிறது என்பது அவர் வாதம். அந்த உணர்வை நான் மதிக்கிறேன். ஆனால் தெருக்கூத்தில் வேஷம் கட்டியவர் அனுமனாக ஆடும்போது நாம் கைகூப்புகிறோம். அனுமன் கதி அவர் காலில் இருக்கிறது என்று யாரும் பதறுவதில்லை. பட்டன் அழுத்துகிறவன் ஆட்டுவிக்கிறானா, ஆடுகிறானா? இரண்டும் கலந்த நிலை அது என்பேன். ராஜன் ஜெட்டின் எதிர்ப்பை நான் ஏற்கவில்லை. ஆனால் அந்தக் கலப்பு லேசான விஷயம் இல்லை என்று காட்டியதற்கு அவருக்கு நன்றி சொல்வேன்.

அந்தக் கலப்பு என் கடைக்கே வந்தது. பாலிடெக்னிக் முடித்த ஒரு பையன். சிறு வயதில் தீபாவளிப் பட்டாசில் வலது கைக் கட்டைவிரல் போய்விட்டது. பிஎஸ் 2 கண்ட்ரோலரை அறிந்தவர்களுக்கு அதன் பொருள் புரியும்: முக்கோணம், வட்டம், சதுரம், எக்ஸ் என்று முக்கியமான நான்கு பட்டன்களும் வலது கட்டைவிரலின் ராஜ்யம். அவன் கண்ட்ரோலரைத் தொடை மேல் வைத்து, வலது கையை மேலிருந்து கவிழ்த்து, ஆள்காட்டி விரலால் எக்ஸ் அழுத்தி ஆடுவான். அப்படியே சான் ஆண்ட்ரியாஸில் கணிசமான தூரம் வந்திருந்தான். ராங் சைட் ஆஃப் த டிராக்ஸ் என்ற கட்டத்தில் மாட்டிக்கொண்டான். இரண்டு கட்டைவிரல் இருப்பவர்களையே அழவைத்த கட்டம் அது. ஓடும் ரயிலை பைக்கில் துரத்த வேண்டும். பின்னால் உட்கார்ந்த பிக் ஸ்மோக், ரயில் மேல் நிற்பவர்களைச் சுட வேண்டும். எக்ஸை ஒரு கணம் விட்டாலும் ரயில் போய்விடும்.

"ஃபுல் சேவ் வேண்டாம்ண்ணே" என்றான். "அந்த ஒரு கட்டத்த மட்டும் தாண்டி விட்ருங்க. மிச்சத்த நானே ஆடிக்கிறேன்."

வேறு யாருடைய சேவ் கோப்பையும் கொண்டுவந்து போட எனக்கு மனம் வரவில்லை. அப்படிப் போட்டால் அவன் வாங்கிய சட்டை, அவன் ஏற்றிய உடல் வலு எல்லாம் போய் வேறொருவனுடையவை வந்துவிடும். என்னிடம் இருந்தது ஐரோப்பிய டிஸ்க். அவன் சேவ் அமெரிக்க டிஸ்க்கில் ஆடியது. டிஸ்க்கையும் கொண்டுவரச் சொன்னேன். அவன் சேவ் கோப்பைப் பிஎஸ்யூவாக எடுத்துப் பத்திரப்படுத்தி, என் கார்டில் ஒரு நகல் போட்டு, இரவு கடை சாத்திய பிறகு உட்கார்ந்தேன். எளிதில் முடியவில்லை. ரயிலை ஒட்டிப் போனால் ஸ்மோக்கின் குறி கீழே இறங்கிவிடுகிறது. தள்ளி, வலப்பக்கமாகப் போனால்தான் படுகிறது. கடைசியில் முடிந்ததும் க்ரோவ் தெரு வீட்டுக்கு வண்டியை ஓட்டிப்போய்ச் சேமித்தேன். அந்த ஆட்டத்தில் சேமித்தால் ஆறு மணி நேரம் கழிந்துவிடும்; வெளியே வந்தபோது அங்கே விடிந்திருந்தது. மறுநாள் அவன் கார்டில் ஏற்றி, பழையதை ஒரு பென் டிரைவில் போட்டு அதையும் அவன் கையில் கொடுத்தேன். காசு வாங்கவில்லை.

அந்தச் சேவ் இப்போது யாருடையது? அதற்கு முன்னால் உள்ளதெல்லாம் அவன் செய்தது. நடுவில் ஒரு செயல் என்னுடையது. இனி வருவது அவனுடையது. அந்த ஒரு செயலின் உள்ளேயும் ஓட்டியது நான், சுட்டது பிக் ஸ்மோக். கார்டைக் கேட்டால் அதற்குத் தெரியாது, அது சடம்.

இதை அடுத்த வகுப்பு முடிந்து ஐயாவிடம் சொன்னேன். ஓய்வு பெற்ற தமிழாசிரியர் அவர். வாழ்நாளில் கண்ட்ரோலரைத் தொட்டவர் இல்லை. முழுக்கக் கேட்டுவிட்டு, "தம்பி, நம்ம ஊர்லயே இருந்துக்கிட்டு இத என்கிட்ட கேக்குறீங்களே" என்றார். "முடவன் முழுக்கு யாருக்காக வந்துச்சு?"

மயிலாடுதுறைக்காரனுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை; மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஐப்பசி மாதம் முழுக்க இங்கே காவிரித் துலாக் கட்டத்தில் நீராடுவது பெரும் புண்ணியம். மாதக் கடைசி நாள் கடைமுழுக்கு. நடக்க முடியாத ஓர் அடியவர் எப்படியாவது வந்து சேர வேண்டும் என்று புறப்பட்டு, தவழ்ந்தும் தத்தியும் வந்தார். வந்து சேர்ந்தபோது ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறந்துவிட்டது. மாயூரநாதரை நினைத்து அவர் அழ, மாதம் முழுதும் நீராடியவர்க்கு உண்டான பயன் உனக்கும் உண்டு என்று இறைவன் அருளினார். அன்றிலிருந்து கார்த்திகை முதல் நாளும் துலா முழுக்கில் சேர்ந்துவிட்டது. அந்த நாளின் பெயரில் உள்ள சொல் பழைய காலத்துச் சொல். இன்று ஒருவரை அப்படி அழைக்க எனக்கு நா வராது. கதையின் நெஞ்சு வேறு இடத்தில் இருக்கிறது.

சிறு வயதிலிருந்து கேட்ட கதை. ஆனால் அன்றைக்குத்தான் அதன் கணக்கு எனக்கு விளங்கியது. முப்பது நாள் முழுகியவர் பயனும் ஒரு நாள் முழுகியவர் பயனும் சமம். மீமாம்சகர் கணக்கில் இது நடக்கவே முடியாது. இவ்வளவு செயலுக்கு இவ்வளவு பயன், அங்கே வட்டி தள்ளுபடி கிடையாது. கூட்டுவிக்கிறவன் ஒருவன் இருப்பதால்தான் நடக்கிறது. வினை சடம் என்று சித்தாந்தம் சொன்னது கடவுளை ஒரு கணக்குப்பிள்ளையாக உட்காரவைக்க அல்ல என்று எனக்குப் பட்டது. கணக்கை அறிந்தவனால்தான் கணக்கை மீறிக் கொடுக்க முடியும். அதற்காகவே அந்த இடத்தில் ஓர் அறிவு வேண்டும், அந்த அறிவுக்கு ஓர் இரக்கம் வேண்டும். தீட்சையில் குரு, முன்பே சேர்ந்து கிடக்கும் சஞ்சித வினையை எரித்துவிடுகிறார் என்று நம் ஆகமம் சொல்வதும் இந்த இடத்தில் நின்று பார்த்தால்தான் பொருள் தருகிறது. உழைக்காததைக் கொடுப்பது அநியாயம் என்றால் அருள் என்ற ஒன்றே இருக்க முடியாது.

அப்படியானால் ஃபுல் சேவும் அருள்தானே என்று ஐயாவிடமே கேட்டேன். அவர் யோசித்தார். "அந்த அடியவர் காவிரிக்கு வந்தாரா இல்லையா?" என்றார். வந்தார். முழுகவும் செய்தார். அவரால் ஆன மட்டும் முழுதும் செய்துவிட்டு, ஆகாத இடத்தில் நின்றுதான் கேட்டார். பௌத்தர் சொன்ன மனமகிழ்ச்சியும் இங்கே வந்து சேருகிறது: வாங்கிக்கொள்ள ஒரு கை நீண்டிருக்க வேண்டும். ஃபுல் சேவ் கேட்டவர்கள் ஆட்டத்தையே தவிர்க்கக் கேட்டார்கள். கட்டைவிரல் இல்லாத பையன் ஆடுவதற்காகக் கேட்டான்.

ஐயா இன்னொன்றும் சொன்னார். இறைவன் உயிரோடு ஒன்றாய், வேறாய், உடனாய் நிற்கிறான் என்பது சித்தாந்தம். கலப்பினால் ஒன்று, பொருள் தன்மையால் வேறு, செயல் நடக்கும்போது உடன். கண் பார்க்கும்போது உயிர் உடன் நிற்பது போல, உயிர் அறியும்போது அவன் உடன் நிற்கிறான். செயல் உயிருடையதாகவே இருக்கும். உடன் நிற்பவன் இல்லாமல் அது நடக்காது. "நீங்க அன்னைக்கு ராத்திரி ஓட்டுனது ஒங்க ஆட்டம் இல்ல தம்பி. அவன் ஆட்டத்துல நீங்க ஒடனா நின்னீங்க. அவ்வளவுதான். அதுக்கு மேல அத ஒங்க கணக்குல எழுதிக்காதீங்க."

கடைசி வாக்கியம் எனக்குத் தேவையாக இருந்தது. காசு வாங்காமல் செய்தேன் என்ற நினைப்பு உள்ளே லேசாகத் தலைதூக்கியிருந்ததை அவர் எப்படியோ பார்த்துவிட்டார்.

ஆனாலும் ஒன்றில் எனக்கும் ஐயாவுக்கும் ஒத்துப்போகவில்லை. பெற்ற பயன் பிராரத்தம், இனி செய்வது ஆகாமியம், இரண்டையும் குழப்பக் கூடாது என்பது அவர் கட்சி: திறந்த நகரம் அவனுக்கு வந்த பிராரத்தம், அங்கே அவன் செய்வது புதுக் கணக்கு. நூலின்படி அது சரி. நான் பார்த்த வரை அந்தக் கோடு அவ்வளவு சுத்தமாக விழுவதில்லை. ஒரு பயன் எப்படி வந்தது என்பது அதைக் கொண்டு செய்யும் அடுத்த செயலுக்குள் போய்விடுகிறது. ஃபுல் சேவ் வாங்கியவர்கள் ஒரு வாரம் வண்டிகளை மோதிக்கொண்டிருந்துவிட்டுச் சலித்துப்போனார்கள். இவன் கேட்டு வாங்கிய ஒரு கட்டத்துக்குப் பிறகு இன்னும் கவனமாக ஆடத் தொடங்கினான். பட்டன்களின் ஒழுங்கையே தன் கைக்கேற்ப மாற்ற முடியுமா என்று ஆராய்ந்து, கண்ட்ரோலரைப் பிடிக்கும் கோணத்தை மாற்றிக்கொண்டான். ஐயா இதற்கு இன்னும் விடை சொல்லவில்லை. சித்தியாரில் அந்தப் பகுதி வரும்போது எடுத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறார்.

அந்தப் பையன் அண்மையில் வந்தபோது ஆட்டத்தில் பாலைவனத்து விமானப் பள்ளியில் நின்றுகொண்டிருந்தான். அதுவும் லேசில் விடாத இடம். கார்டை எடுத்து நீட்டவில்லை. தரையைத் தொடும் முன் எக்ஸை எப்போது விட வேண்டும், எல்2, ஆர்2 இரண்டையும் வைத்துத் திரும்புவது எப்படி என்று கேட்டான். கடை பெஞ்சில் உட்கார்ந்து, டிவியே இல்லாமல், வெறும் கண்ட்ரோலரைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தேன். எல்2 நான் நினைத்ததைவிட அவனுக்குச் சுலபமாக வருகிறது.